கொட்டகைக்குள்ள என்ன வளருது?

காளான் தொழிலில் விதை போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் காளான் முளைக்கும். சந்தேகம் கொட்டகைக்குக் கூரை போடும்போதே முளைத்துவிடும்.

கையில் இருந்த கொஞ்சத்தை வைத்து வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள், நைட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர்கள், எல்லாரும் என் கட்சிதான். "இதுல என்ன கலக்கறீங்க", "எங்கேருந்து வாங்கிட்டு வர்றீங்க", "நெஜமா நீங்களே செய்யறதா" என்ற கேள்விகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: "தின்னா உசிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

குன்னம் பக்கம் எங்கள் ஊர். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரி பூமி. என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு எலும்பு விலகி, தூர ஓட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியத்துக்கு இரண்டு மாட்டையும் விற்றோம். மாடு போனதும் கொட்டகை காலியாக நின்றது. பெரம்பலூரில் காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். காலிக் கொட்டகைதான் என் முதல்.

டிரம்மில் கொதித்தது

சிப்பிக் காளானுக்கு வைக்கோல்தான் மண். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊற வைத்து, டிரம்மில் போட்டு வேக வைக்க வேண்டும். அப்புறம் ஈரம் வடிய உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, விதை ஒரு அடுக்கு என்று போட்டுக் கட்டி, இருட்டில் உறி மாதிரித் தொங்கவிட வேண்டும். நான் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் அடித்தேன். உள்ளே குளிர்ச்சிக்கு ஈரச் சாக்கு கட்டினேன். கோழி நுழையாமல் இருக்கக் கதவுக்குப் பூட்டும் போட்டேன். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன மலரு, வூட்டுக்குப் பின்னால ஓயாம புகையா வருது?" என்று கேட்டார். "வைக்கோல் வேக வெக்கிறேன்க்கா" என்றேன். அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனபோதே எனக்குச் சுருக்கென்றது. வைக்கோலை மனுஷர் வேக வைப்பார்கள் என்று நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அந்த வாரமே போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். "உள்ள என்ன ஊறல் போட்டிருக்கீங்க?" என்று நேராகக் கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து எழ முடியாமல் கையைக் கையை ஆட்டினார். அது போலீஸ்காரருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும். நான் டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினேன். ஆவி அடித்துக் கண்ணாடி மங்கிப் போயிற்று. துடைத்துவிட்டுக் குனிந்து மோந்தார். குச்சியை விட்டுக் கிளறினார். வைக்கோல்தான் வந்தது. "சாராயம்னா என்ன எழுதணும்னு தெரியும். இத என்னன்னு எழுதறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பூட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே உத்தரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பைகள் தொங்கின. புதிதாகப் பார்க்கிறவருக்குப் பயமாகத்தான் இருக்கும். ஒரு பையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். "இத ஏன் இருட்டுல வெச்சிருக்கீங்க?" என்றார். "இதுக்கு இப்ப வெளிச்சம் ஆகாதுங்க சார்" என்றேன். வெளியே வந்து பைக்கில் ஏறினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் பதில் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சு வெளிச்சம் ஆகாத தொழில் எதுவும் நல்ல தொழிலா இருந்ததில்லைம்மா."

முதல் வாடிக்கைக்காரர்

முதல் அறுவடை பூ மாதிரி வந்தது. பையில் கத்தியால் கீறிவிட்ட இடங்களில் எல்லாம் கொத்துக் கொத்தாக. பறித்துப் பொட்டலம் கட்டி, பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் ஒரு காலனிக்குப் போனேன். நாலு தெரு நடந்தேன். காளான் என்றதும் சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு அம்மா நாயை உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் காளான் என்றால் மழைக்குப் புற்றோரம் முளைப்பது. எது நல்லது எது விஷம் என்று தெரிந்தவர் பறித்தால்தான் சாப்பிடுவார்கள். நான் யார், எந்தப் புற்றில் பறித்தேன் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

கடைசித் தெருவில் ஒரு டீச்சரம்மா. ரிட்டையர் ஆனவர். பின்னாளில் வாரம் தவறாமல் வாங்கியவர் அவர்தான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் மாதிரி. "நீங்க இத சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நேற்றே சாப்பிட்டோம் என்றேன். "வீட்டுக்காரரு?" அவரும்தான். "புள்ளைங்க?" ஒரு பொண்ணு, அவளும் சாப்பிட்டாள். "வயித்தால போச்சா? தலை கிறுகிறுன்னு வந்துதா?" ஒன்றும் இல்லை என்றேன். என் கண்ணையும் நகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் பையிலிருந்து இன்னொரு பொட்டலம் எடுத்தேன். அவர் முதல் பொட்டலத்தையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரி, நாளைக்கு வாங்க. வந்தீங்கன்னா வாங்கிக்கறேன்."

ஓட்டை போட்ட பெட்டி

காளானுக்குக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் வேர்த்துக் கொழகொழத்துவிடும். அதனால் அட்டைப் பெட்டியில் சுற்றிலும் ஓட்டை போட்டு அரியலூருக்கு பஸ்ஸில் எடுத்துப் போவேன். ஒரு நாள் புதுக் கண்டக்டர். பெட்டியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கோழிக்குஞ்சா, நாய்க்குட்டியா?" என்றார். காளான் என்றேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டில் யாருடைய போனோ கீச்சென்று குருவி மாதிரிக் கத்தியது. திறந்து காட்டினேன். வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்த காளானைப் பார்த்த பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. லக்கேஜுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனவர், திரும்பி வந்து சொன்னார்: "உசிர் இல்லைங்கறீங்க, ஆனா மூச்சு விட ஓட்டை போட்டிருக்கீங்க. எத நான் நம்பறது?"

பச்சை பூத்த பைகள்

இதுவரை சொன்னது மற்றவர்கள் என்னைச் சந்தேகப்பட்ட கதை. இது நான் சந்தேகப்பட்ட கதை. எங்கள் ஊரில் நெல் இல்லாததால் வைக்கோலும் இல்லை. தா.பழூரில் சிங்காரம் என்ற விவசாயியிடம் வாங்கினேன். முதல் இரண்டு தடவை நன்றாக இருந்தது. மூன்றாவது தடவை போட்ட பைகளில் வெள்ளை படரவேண்டிய இடத்தில் பச்சை படர்ந்தது. பாசி மாதிரிப் பச்சைப் பூசணம். ஒன்றில் ஆரம்பித்து ஒவ்வொரு பையாகத் தாவியது. அப்படியே விட்டால் கொட்டகை முழுக்கப் போய்விடும். ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துப் போய்க் குழியில் போட்டு மூடினேன். அந்தக் குழியில் மண் தள்ளும்போது அழுதேன். அழுது முடித்ததும் யார் செய்த வேலை என்று யோசிக்க ஆரம்பித்தேன். ராசாத்தி அக்கா கண் வைத்துவிட்டார் என்று ஒரு நாள். விதை கொடுத்தவர் பழைய விதையைத் தள்ளிவிட்டார் என்று ஒரு நாள். கடைசியில், சிங்காரம்தான் மட்டமான வைக்கோலைக் கட்டி அனுப்பிவிட்டார் என்று முடிவு செய்து, பச்சை பிடித்த பை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு தா.பழூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் களத்தில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பையைப் பிரித்து முன்னால் வைத்தேன். "உங்க வைக்கோல் செஞ்ச வேலையப் பாருங்க" என்றேன். அவர் பையைத் தொடவில்லை. நான் நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். பக்கத்து வயல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். "எந்த வைக்கோல் போர்ல கட்டினது தெரியுமா? வாங்க" என்று அழைத்துப்போய்க் காட்டினார். வைக்கோல் நல்ல பொன் நிறத்தில்தான் இருந்தது. பிறகு வேனில் ஏற்றியவரைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார். வரும் வழியில் ஜெயங்கொண்டம் தாண்டி மழை பிடித்ததும், தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியதும் அப்போதுதான் தெரிந்தது. வேன்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நனைந்த வைக்கோலை நான் மூட்டையாகவே அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே புழுங்கியிருக்கிறது.

சிங்காரத்துக்கு என் முகம் வாடிப்போனதைப் பார்த்துக் கொஞ்சம் மனசு இளகிற்று. போரின் நடுவிலிருந்து காய்ந்த வைக்கோலாகப் பார்த்து இழுத்துக் கட்டிக் கொடுத்தார். தார்ப்பாயும் அவருடையதையே போட்டார். ஆனால் வைக்கோலை நான் என்ன செய்கிறேன் என்ற சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவில்லை. வேகவைப்பதையும் வடிப்பதையும் நான் விவரமாகச் சொல்லச் சொல்ல, மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னது இதுதான்: "எங்க மாடும் இதே வைக்கோலத்தான் தின்னுது. ஒரு நாளும் வேக வெச்சுக் குடுன்னு கேட்டதில்ல."

சைவக் கல்யாணம்

அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஓரளவு பேர் தெரிந்த பிறகு, ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காளான் பிரியாணி போட வேண்டும் என்று சமையல் மாஸ்டர் கோவிந்தன் கேட்டார். என் கொட்டகைக்கு அது பெரிய ஆர்டர். இதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மாஸ்டர் தன் கல்யாணங்களுக்கு எல்லாம் என்னையே கூப்பிடுவார். விடிந்ததும் பறித்ததை நானே கொண்டுபோய் இறக்கினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று மாஸ்டர் சொன்னதால் சமையல் கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் பந்தியில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதி வைத்தவர், ஒரு துண்டை விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "சைவச் சாப்பாடுன்னு கூப்பிட்டுட்டு கோழியப் பிச்சுப் போட்டிருக்கீங்க" என்றார். அவர் எழுந்ததும் அவர் வரிசையே எழுந்துவிட்டது. பொண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மாஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு போய், "இந்தம்மாதாங்க கொண்டாந்தது, இவங்களையே கேளுங்க" என்று முன்னால் நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். நான் மிச்சமிருந்த சமைக்காத காளான் கொத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் காட்டினேன். பெரியப்பா ஒன்றைப் பிய்த்தார். "பாருங்க, பச்சையிலயே நாரு நாரா வருது" என்று எல்லாருக்கும் காட்டினார். "வைக்கோல்ல வளர்றதுங்க ஐயா, கறியெல்லாம் இல்ல" என்றேன். "ஆடு மாடு கூடத்தான் வைக்கோல் தின்னு வளருது" என்றார்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. "ஐயா, ஒரு நிமிஷம் சமையல் கட்டுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னால வதக்கித் தரேன். அதுவும் இதுவும் ஒண்ணான்னு நீங்களே பாருங்க" என்றேன். வந்தார். அவரோடு ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். புதுச் சட்டி வேண்டும் என்றார், எடுத்தோம். பச்சைக் காளானைக் கழுவி, அவரையே பிய்த்துப் போடச் சொல்லி, உப்பும் மிளகும் போட்டு வதக்கினேன். ஊதி ஊதித் தின்றார். மெதுவாக மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு திரும்பிப் போய் இலையில் உட்கார்ந்தார், வரிசையும் உட்கார்ந்தது. பொண்ணின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது பெரியப்பா என்னைத் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தணித்துச் சொன்னார்: "கறி இல்லைன்னு தெரிஞ்சப்பறம் ருசி கொஞ்சம் கொறஞ்சுதாம்மா போச்சு."

கடை வாசலில் அடுப்பு

இனிமேல் சொல்லப்போவது என் தொழிலே போய்விட இருந்த கதை. கல்யாண ஆர்டர் கொடுத்த தைரியத்தில் இரண்டாவது கொட்டகை போட்டிருந்தேன். இரண்டிலும் ஒரே சமயத்தில் காளான் விரிந்த வாரம் அது. அந்த வாரம் பார்த்து, மழைக்கு வரப்போரம் முளைத்த காளானைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் வாட்ஸப்பில் வந்த செய்தியில் வரப்பும் இல்லை, மழையும் இல்லை. "காளான் சாப்பிட்டவர்கள் கவலைக்கிடம்" என்பது மட்டும் இருந்தது. கீழே யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தது சிப்பிக் காளான் பொட்டலம். எங்கிருந்து எடுத்த படமோ, பார்க்க என் பொட்டலம் மாதிரியே இருந்தது. அன்றைக்குப் பெரம்பலூரில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அரியலூரில் என் காளானை விற்றுக்கொண்டிருந்த காய்கறிக் கடை ரஹீம் பாய் போன் பண்ணினார். "சரக்கு எல்லாம் அப்படியே நிக்குதும்மா, வந்து எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். காளான் நெல் இல்லை, மூட்டை கட்டி வைக்க. பறிக்காவிட்டால் கொட்டகையிலேயே அழுகும், பறித்தால் கூடையில் அழுகும்.

கடைக்குப் போனேன். பாய் வழக்கம்போல வாம்மா என்று சொல்லவில்லை. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய், "அல்லா அறிய சொல்லு மலரு. அது உன் சரக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ரெண்டு வருஷமாகப் பழகிய மனுஷர். அவரே கேட்கிறாரே என்று இருந்தது எனக்கு. "சரி, நான் நம்பறேன். நான் நம்பி என்ன ஆகப்போவுது, வாங்கறவன் நம்பணும்" என்றார். பக்கத்து டீக்கடையில் கேஸ் அடுப்பை இரவல் வாங்கிக் கடை வாசலில் வைத்தார். வெங்காயம், மிளகு எல்லாம் அவர் கடையிலேயே இருந்தது. "சமை" என்றார். விற்காமல் நின்ற பொட்டலங்களிலேயே ஒன்றைப் பிரித்துச் சமைத்தேன். வாசனைக்குக் கூட்டம் கூடியது. ஆனால் ஒருவர்கூட அடுப்புக்கு ஒரு கஜத்துக்குள் வரவில்லை. பாய் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, பிஸ்மில்லா சொல்லி, முதல் வாய் அவரே எடுத்து வைத்தார். நானும் தின்றேன்.

தட்டு காலியானது. யாரும் வாங்கவில்லை. யாரும் போகவும் இல்லை. ஒருவர் போனில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். காய்கறி வாங்க வந்தவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. மிச்சப் பொட்டலங்களை எடுத்துக் கூடையில் அடுக்க ஆரம்பித்தேன். பாய் கூடையைக் காலால் தள்ளி வைத்தார். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரம் அசையாம நில்லும்மா. நாம விழுவோமான்னுதான் நிக்கறாங்க, விழலைன்னா வாங்குவாங்க."

மீன்சுருட்டியிலிருந்து வந்தவர்

வாங்கினார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் கொட்டகை அழுகாமல் தப்பிக்கிற அளவுக்கு வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றி, மீன்சுருட்டியில் கலைவாணி என்ற பெண் கையில் போய்ச் சேர்ந்தது. தையல் மிஷின் ஓட்டிப் பிழைத்தவர். ஊசித் துளை தெரியாத அளவுக்குக் கண் மங்கத் தொடங்கியதால் வேறு தொழில் தேடிக்கொண்டிருந்தார். விலாசம் விசாரித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்றார். ராசாத்தி அக்கா, முன்பு என் டிரம்மைச் சாராயம் என்று நினைத்த அதே அக்கா, என்னைத் தனியாக இழுத்து, "தொழில சொல்லிக் குடுத்துட்டு நீ எங்க போவ? முக்கியமானதா ஒண்ண மறைச்சு வெச்சுக்க" என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. அரியலூர்ச் சந்தைக்கு மீன்சுருட்டியிலிருந்தும் பஸ் இருக்கிறது. ரஹீம் பாய் கடையில் என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இவர் பொட்டலம் நின்றால்?

இரண்டு நாள் யோசித்தேன். வைக்கோல் எத்தனை நேரம் வேக வேண்டும் என்பதைக் குறைத்துச் சொல்லலாம். ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விடலாம். சொல்லாவிட்டால் அவர் பைகள் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்ததை அவர் தெரியாமல் பறித்து விற்றால்? அதைத் தின்ற யாருக்காவது வயிற்றைக் கலக்கினால், வாட்ஸப்பில் வரப்போவது மறுபடியும் என் பொட்டலத்தின் படம்தான். பாயும் நானும் மறுபடி வாசலில் அடுப்பு வைக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். வைக்கோலைக் கையில் பிழிந்தால் உள்ளங்கை நனையணும், ஆனால் சொட்டு விழக் கூடாது என்பதை அவர் கையைப் பிடித்தே காட்டினேன். விதை வாங்குகிற இடம், சிங்காரத்தின் போன் நம்பர், தார்ப்பாய் முழுக்க எட்டுகிறதா என்று பார்க்க வேண்டியது, பெட்டியில் ஓட்டை எங்கே போடுவது, ஒன்றையும் விடவில்லை.

கிளம்புகிற நாளில் கலைவாணி வாசல்வரை போய்விட்டு நின்றார். செருப்பைப் போட்டவர் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து, கொட்டகைக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். என்ன தேடறீங்க என்று கேட்டேன். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. இவ்வளவு வெளிப்படையா எல்லாத்தையும் சொல்லிட்டீங்க, அதான் எதையோ மறைக்கறீங்கன்னு தோணுது."

குறைந்த முதலில் தொழில் தொடங்கலாம் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் போட்ட முதலில் பெரும்பங்கு, நாம் நல்லவர்கள்தான் என்று ஒவ்வொருவரிடமும் தினமும் புதிதாக நிரூபிப்பதற்கே செலவாகும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.